மாடிக்குக் கீழ கிடந்த வளவு

எங்கட மாடிக்குப் பின்னால ஒரு மணல் துண்டு கிடக்கு. கக்கூஸ் குழி மூடிகளுக்கும் மதிலுக்கும் நடுவில. அதுக்கு ஆளாளுக்கு ஒரு பேர். மாடிச் சங்கத் தலைவர் "பொது இடம்" எண்டுவார். அடித்தட்டு ஊட்டாக்கள் "பின்பக்கம்" எண்டுவாங்க. என்ட மகள் "உம்மாட காடு" எண்டுவாள். நான் "வளவு" எண்டுதான் சொல்லுவன். எங்கட பக்கத்தில ஊட்டச் சுத்திக் கிடக்கிற நிலத்துக்கு அதுதான் பேர். மாடியில குடியிருந்தா மட்டும் பேர மாத்த ஏலுமா.

"மாடியில இரிக்கிற நமக்கு என்ன ராத்தா வளவு" எண்டு பக்கத்து ஊட்டுக்காரி கேப்பாள்.

"ஏன், மாடிக்குக் கீழ மண் இல்லையா? நாம என்ன பட்டமா புள்ள, காத்துல நிக்கிறத்துக்கு."

கடல் வந்து எங்கட பழைய ஊட்ட அள்ளிக்கிட்டுப் போன பொறகு தந்ததுதான் இந்த மாடி. சாவி தந்த அண்டு அரசாங்கக் கந்தோர்ல இரிந்து ஒரு தம்பி வந்தார். நல்ல புள்ள, கழுத்தில பட்டி. நான் அவர்ட்ட ஒண்டே ஒண்டுதான் கேட்டன். "மகன், எங்கட கூரை ஒசக்க இரிக்கிறவள்ற தரை. எங்கட தரை கீழ இரிக்கிறவள்ற கூரை. அது விளங்குது. அப்ப மண் ஆர்ர?"

அவர் கடதாசிய அங்கால பிரட்டினார், இங்கால பிரட்டினார். "உம்மா, ஊடு உங்கட மகள்ற பேர்ல. மண்ணப் பத்தி இதுல ஒண்டும் இல்ல."

"அப்ப ஊடு எதுல நிக்கிது?"

"கையெழுத்த வைங்க உம்மா, ஆக்கள் நிக்கிறாங்க."

கையெழுத்த வெச்சன். எனக்கு எழுத்துக் கூட்டிக்கூட்டித்தான் வரும், அதனால என்ட பேர எழுதி முடிக்கக்குள்ள பின்னால நிண்டவங்க ரெண்டு பேர் கொட்டாவி விட்டாங்க. மண் ஆர்ர எண்ட கேள்வி மட்டும் என்ட மண்டைக்குள்ள குடியிருக்க வந்திட்டு. அதுக்குச் சாவியும் ஆரும் குடுக்கல்ல.

இன்னொண்டையும் இஞ்ச சொல்லோணும், இல்லாட்டி இந்தக் கிழவி ஒரு துண்டு மணலுக்கா இவ்வளவு ஆடுறாள் எண்டு நினைப்பீங்க. எங்கட ஊர்ப் பக்கம் பொம்புளப் புள்ளைக்கு ஊடு குடுத்துத்தான் மாப்பிள்ள எடுக்கிற. மாப்பிள்ள வந்து பொண்ணூட்டுலதான் இரிப்பார். உம்மாவும் வாப்பாவும் ஊட்ட மகளுக்கு எழுதிக் குடுத்திட்டு, அதே வளவுக்குள்ள பின்னால ஒரு அறையும் சமைக்கக் குசினியும் போட்டு ஒதுங்கிருவாங்க. என்ட உம்மாவும் அப்படித்தான் எனக்குத் தந்திட்டு ஒதுங்கின. மாடியில ஒதுங்கப் போனா எங்க போய் ஒதுங்குற? நான் மகளுக்கு ஊட்டக் குடுத்திட்டு ஹோல் மூலையில ஒரு சீலையத் தொங்கப்போட்டு அதுக்குப் பின்னால ஒதுங்கினன். மருமகன் நல்ல மனிசன், ஒலுவில் துறைமுகத்தில மீன் எடுத்து விக்கிறவர், ஆனா இருமக்குள்ள கூட கதவத் தட்டிட்டு இருமுற மாதிரி இருமுவார். சீலைக்குக் கதவு இல்லையே. அவர் ஊட்டுல இரிக்கிற நேரம் நான் கீழ இறங்கிருவன். அப்படி இறங்கி நிண்ட எடம்தான் அந்த மணல் துண்டு. எனக்கெண்டு மூச்சு விட இரிந்தது அவ்வளவுதான்.

சும்மா நிண்டா ஆக்கள் பாப்பாங்க. கையில ஒரு மம்பட்டியப் புடிச்சிக்கிட்டு நிண்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க. அப்படித்தான் கொத்தத் தொடங்கின.

வெறும் கடல் மணல். தண்ணி ஊத்தினா ஊத்தின கையோட எங்கயோ போயிரும். முதல் வெச்ச கத்தரி என்னைப் பாத்துக்கிட்டே செத்திச்சி. மறுகா நற்பிட்டிமுனையில வயல் செய்யிற ஒரு மனிசன்ட்டக் கேட்டு, அவர்ர லேண்ட்மாஸ்டர் உழவு மெசின்ல உரப் பையளுக்குள்ள கறுத்த வயல் மண் கொண்டுவந்து கொட்டினன். மாட்டெருவும் அவர்தான் தந்தார். காணாததுக்கு வாளியத் தூக்கிக்கிட்டு ஊடு ஊடாப் போய் மீன் செதிள், வெங்காயத் தோல், தேயிலச் சாயம் கேட்டு எடுத்தன். சில பேர் ஒசக்க நிண்டே போடுவாங்க. பாதி வாளியில விழும், பாதி என்ட முக்காட்டில விழும். சூர மீன் தலையோட நான் படியேறி வந்து நிண்டதப் பாத்து மகள் கோவிச்ச கோவம் கொஞ்சமில்ல.

ஆனா பாருங்க, மண் புடிச்சிச்சி. பயத்தங்கா, பாவக்கா, வெண்டி, பசளிக் கீரை, கொச்சிக்கா. மதிலுக்கு மேல பூசினிக் கொடி. கேஸுக்கும் பெற்றோலுக்கும் ஊரே லைன்ல நிண்ட காலத்தில, எல்லாரும் ஊட்டுத்தோட்டம் செய்யுங்க எண்டு சொல்லிக்கிட்டு கந்தோராக்கள் வந்தாங்க. எங்கட தலைவர்தான் முன்னுக்கு நிண்டு அவங்களுக்கு என்ட பாத்தியக் காட்டினார். பாவக்காயப் புடிச்சிக்கிட்டு போட்டோ எடுத்தார். பாவக்காய் அவர விட நல்லாச் சிரிச்சிச்சி.

லைன் முடிஞ்சி, கேஸ் வந்து, மோட்டசைக்கிளும் கூடிச்சி. ஒரு நாள் படிக்கட்டுச் சுவர்ல கடதாசி ஒண்டு ஒட்டி இரிந்திச்சி. நான் எழுத்துக் கூட்டிக்கிட்டு நிக்கக்குள்ள பக்கத்து ஊட்டுக்காரி வந்து வாசிச்சாள். பின்பக்கப் பொது இடத்தில கல்லுப் பதிச்சி மோட்டசைக்கிள் நிப்பாட்டப் போறாங்களாம். அங்க நட்டிருக்கிற அனுமதியில்லாத பயிர்களை உரியவர்கள் தாங்களே அகற்றிக்கொள்ளோணுமாம்.

"உரியவர்கள் எண்டா?" எண்டு கேட்டன்.

"நீங்கதான் ராத்தா."

"அப்ப நான்தான் உரியவள் எண்டு சங்கமே எழுதித் தந்திருக்கு. அந்தக் கடதாசியக் கிழியாம எடுத்துத் தா புள்ள."

சிரிச்சன்தான். அண்டைக்கு ராச்சோறு இறங்கல்ல. மகள் கேட்டாள், என்ன உம்மா ஒரு மாதிரி இரிக்கிறீங்க எண்டு. ஒண்டுமில்ல எண்டன். சீலைக்குப் பின்னால படுத்துக்கிட்டு யோசிச்சன், கல்லுப் பதிச்சா நான் காலத்தால எழும்பி எங்க இறங்கிப் போவன்.

அடுத்த நாள் தலைவர்ர ஊட்டுக் கதவத் தட்டினன். அவர் எங்களுக்கு நேர் கீழ் மாடி. கந்தோர்ல கிளாக்கர் வேல செஞ்சி பென்சன் எடுத்தவர். சாரத்தோட இரிந்தாலும் பைல் புடிச்சிருக்கிற மாதிரியே கையை வெச்சிருப்பார்.

"தலைவர், சலாம். அந்த மண் ஆர்ர எண்டு அறிஞ்சிக்கிட்டுப் போவம் எண்டு வந்தன்."

"பொதுச் சொத்து ராத்தா."

"பொது எண்டா ஆரு? எனக்கு அவரத் தெரியாது. எந்த மாடியில இரிக்கிறார்?"

"ராத்தா, பகிடி விடாதீங்க. பொது எண்டா எல்லாருக்கும் சொந்தம். அதனால தனியா ஒருத்தர் பாவிக்க ஏலாது."

"எல்லாருக்கும் சொந்தம் எண்டா ஒருத்தருக்கும் ஏலாதா? இதென்ன கணக்கு. ஒரு சட்டி சோறு எல்லாருக்கும் எண்டு வெச்சா, ஒருத்தரும் தொடக் கூடாதா?"

அவர் தொண்டையச் செருமினார். "சட்டத்தில அப்படித்தான்."

"சரி. அப்ப மணல் உங்கட பொதுவுட. மண் என்ட. நற்பிட்டிமுனையில இரிந்து நான் கொண்டு வந்தது. என்ட மண்ண நான் அள்ளிக்கிட்டுப் போறன், உங்கட மணல வெச்சிக்கங்க. ஆனா ரெண்டும் கலந்து கிடக்கு. நீங்க ஆள் விட்டு ஒவ்வொரு மணியாத் தெரிஞ்சி தாங்க."

உள்ளுக்க அவர்ர பொஞ்சாதி சிரிச்சது கேட்டிச்சி. அவர் சிரிக்கல்ல. கூட்டத்தில கதைப்பம் எண்டு கதவச் சாத்திட்டார்.

எனக்குக் கோவத்த விட விடுப்பு அறியிற ஆசதான் கூட. ஒரு மண்ணுக்கு இவ்வளவு பேர் இரிக்கிறம், ஆர்ர எண்டு ஒருத்தருக்கும் தெரியாதா எண்டு. ஊர் விதானையார்ட்டக் கேட்டன். அவர், "மூத்தம்மா, அது மாடி கட்டித் தந்தவங்கட்டக் கேக்கோணும்" எண்டார். கட்டித் தந்தவங்க எங்க எண்டு கேட்டன். போயிட்டாங்க எண்டார். மருமகன விட்டுப் பள்ளி மௌலவிட்டக் கேட்டன். அவர் திருப்பிக் கேட்டாராம், "நடுறத்துக்கு முன்னால மத்த ஊட்டாக்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா உங்கட மாமி?" அதுக்குப் பொறகு மௌலவிட்ட நான் ஒண்டும் கேக்கல்ல. நல்ல கேள்வி எண்டா பதில் சொல்ல நேரமெடுக்கும்தானே.

கூட்டத்துக்கு முந்தித்தான் அந்தச் சங்கதி நடந்திச்சி.

தலைவருக்கு ஒரே ஒரு மகள். படிச்ச, அடக்கமான புள்ள. வரிப்பத்தான்சேனையில ஒரு நல்ல குடும்பத்துப் பொடியனப் பேசியிருந்தாங்க. வயல்காரக் குடும்பம். மாப்பிள்ளட உம்மா ஊடு பாக்க வாறா எண்டு காலத்தால இரிந்து தலைவர் ஊட்டுல வட்டிலப்பம் அவியிற வாசம் எங்கட மாடி வரைக்கும் வந்திச்சி. நான் ஆர்ர கலியாணத்துக்கும் தடங்கல் இல்லாம கீழ இறங்கி, பாவக்காய்ப் பந்தலுக்குள்ள குந்திக்கிட்டு புழுப் புடிச்சிக்கிட்டு இரிந்தன். எனக்கு நேர ஒசக்கதான் தலைவர் ஊட்டுக் குசினி யன்னல். யன்னல் திறந்து கிடந்திச்சி. அது என்ட குத்தமில்ல.

ஒரு பொம்புளட குரல் கேட்டிச்சி. வயல்ல ஒரு வரம்பில நிண்டு மத்த வரம்புக்குக் கதைச்சுப் பழகின குரல். "அறை நல்லாருக்கு. குசினி நல்லாருக்கு. எல்லாம் மாஷா அல்லாஹ். அதுசரி, வளவு எங்க?"

ஒசக்க கோப்பைய வெச்ச சத்தம் கேட்டிச்சி.

"இல்ல மதினி, கேக்கிறன் எண்டு நினைக்காதீங்க. மகளுக்கு ஊட்டக் குடுத்திட்டு நீங்க ரெண்டு பேரும் எங்க இரிப்பீங்க? என்ட மகன் மாமனாரையும் மாமியையும் வெளிய தள்ளிட்டு வந்தான் எண்டு ஊர் சொல்லக் கூடாது. வளவுக்குள்ள ஒரு அறை போட எடம் இரிக்கோணும்தானே."

தலைவர்ர பொஞ்சாதி பாவம். பொய் சொல்லத் தெரியாத மனிசி. கொஞ்ச நேரத்தால யன்னலுக்குள்ளால ஒரு கை வெளிய வந்திச்சி. கலியாண வளையல் போட்ட கை. அந்தக் கை நேர என்ட பாவக்காய்ப் பந்தலக் காட்டிச்சி.

"அந்தா கிடக்கே மதினி. பின்னால."

புழுவோட நான் அப்படியே இரிந்தன். எனக்கு ஒளியவும் ஏலா, சிரிக்கவும் ஏலா. மாடியில ஆருக்கும் வளவு இல்ல எண்டு எழுதி ஒட்டினவர்ர ஊட்டுலயே வளவு முளைச்சிட்டு.

மாப்பிள்ளட உம்மா சும்மா யன்னலால பாத்திட்டுப் போற ஆள் இல்ல. மண்ணத் தொடாம போகமாட்டா. மடமட எண்டு இறங்கி வந்திட்டா. கறுத்த அபாயா, கால்ல பாட்டா செருப்பு. ரெண்டு கையையும் இடுப்பில வெச்சிக்கிட்டுப் பந்தலச் சுத்தினா. மூடிகளப் பாத்தா. குனிஞ்சி ஒரு புடி மண்ண எடுத்து நசிச்சி மூக்குக்கிட்ட கொண்டு போனா. "இது கடக்கரை மண் இல்லையே."

"இல்ல தங்கச்சி. நற்பிட்டிமுனைப் பக்கத்து வயல் மண்."

அப்பதான் என்னைக் கண்டா. சலாம் சொன்னா, சொன்னன். அவவுக்குப் பின்னால தலைவர்ர பொஞ்சாதி வந்து நிக்கிறா. அவட கண் என்னை மண்டாடிச்சி. நேத்து வரைக்கும் என்ட கொடிய வெட்டி எறிய நிண்ட ஊட்டுப் பொம்புள, இண்டைக்கு என்ட ஒரு சொல்லுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறா.

"இந்த வளவு இவங்கடயா ராத்தா?" எண்டு கேட்டா மாப்பிள்ளட உம்மா.

பொய் சொல்ல எனக்கும் மனமில்ல. ஒரு புள்ளட கலியாணம். அதுக்காக உண்மைய உடைச்சிப் போடவும் மனமில்ல. நான் புழுவக் கீழ போட்டு மிதிச்சிட்டு நிதானமாச் சொன்னன். "ஓம் தங்கச்சி. இதுல இவங்களுக்கும் ஹக்கு இரிக்கி."

இவங்களுக்கு உரிமை எண்டு சொல்லல்ல, பாத்துக்கங்க. இவங்களுக்கும். எனக்கு எழுத்துத்தான் கூட்டிக்கூட்டி வரும். அந்த ஒரு "உம்"ம எங்க வைக்கோணும் எண்டு ஆரும் எனக்குப் படிச்சித் தரத் தேவையில்ல.

அவ தலைய ஆட்டிட்டு, பாவக்காய்க்கு என்ன போடுறீங்க, பூசினிக்குக் காலையில கையால மகரந்தம் தொடுவீங்களா எண்டு கேக்கத் தொடங்கிட்டா. தேனீ கிட்டடியில இல்லாட்டி அப்படித்தான் தொடோணுமாம். எனக்கு அது புதிசு. ஆண் பூவ ஒடிச்சிப் பொம்புளப் பூவில எப்படித் தடவுற எண்டு அவ காட்டினா. "பொம்புளப் பூவுக்குக் கீழ சின்னக் காய் ஒண்டு உருண்டையா இரிக்கும். அதப் பாத்துக் கண்டு புடிக்கலாம்" எண்டா. நாங்க ரெண்டு பேரும் பூசினிக்குக் கலியாணம் முடிச்சி வெச்சிக்கிட்டு நிக்கிறம், மனுசக் கலியாணம் பேச வந்தவங்க ஒசக்க வட்டிலப்பத்த வெச்சிக்கிட்டுக் காத்துக்கிட்டு இரிக்கிறாங்க.

போகக்குள்ள அவ தலைவர்ர பொஞ்சாதிட்டச் சொல்லிட்டுப் போனது இது. "வளவு நல்ல வளவு மதினி. கலியாணச் சோத்துக்கு இந்தப் பூசினிதான் கறி."

கூட்டம் அசர் தொழுகைக்குப் பொறகு, படிக்கட்டுக்குக் கீழ. ஆம்புளயள் கதிரையில. பொம்புளயள் படிக்கட்டில, ஆளுக்கொரு படி. தலைவர் எழும்பி, பின்பக்கத்தில கல்லுப் பதிக்கிறத இப்போதைக்கு ஒத்தி வைப்பம், மழைக்குப் பொறகு பாப்பம் எண்டார்.

மேல் மாடியில ஒரு பொடியன் இரிக்கிறார், பெரிய மோட்டசைக்கிள் வெச்சிருக்கிறவர். அவருக்கு விளங்கல்ல. "என்ன தலைவர், போன கிழமதான் கொடிய அறுத்து எறியோணும் எண்டீங்க. மழைக்கும் கல்லுக்கும் என்ன சம்மந்தம்?"

தலைவர் படிக்கட்டப் பாத்தார். அவர்ர பொஞ்சாதி முக்காட்டச் சரி செஞ்சிக்கிட்டு வேற எங்கயோ பாத்தா.

நான் என்ட படியில இரிந்தபடியே கேட்டன். "தலைவர், எனக்கொரு சின்னச் சந்தேகம். அந்த மண் ஆர்ர?"

நாலு பேர் சிரிச்சாங்க. இந்தக் கேள்விய நான் கேக்காத ஆள் அங்க இல்ல. அவர் மட்டும் சிரிக்கல்ல. "எல்லார்ர" எண்டார்.

"அப்ப எனக்கும்?"

"உங்களுக்கும்."

"நடலாமா?"

வேர்வையத் துடைச்சார். இல்ல எண்டா அவர்ர மகள்ட வளவு போச்சி. ஓம் எண்டா அவர் ஒட்டின கடதாசி போச்சி. "நடலாம்" எண்டார்.

அந்த "உங்களுக்கும்" எனக்குத் தேனா இரிந்திச்சி, பொய் சொல்லல்ல. ஆனா அது என்ட வாய்க்குள்ள கரையிறத்துக்கு முன்னமே அடித்தட்டு ஊட்டுக்காரி எழும்பிட்டாள். "அப்ப எனக்கும்தானே. நானும் ரெண்டு கொச்சிக்கா வைக்கிறன்." பக்கத்து ஊட்டுக்காரி, "எனக்கும்." அவட மாமி, "எனக்கும்." ஒசக்க துணி காயப் போட்டுக்கிட்டு இரிந்த ஒருத்தி கம்பிக்கு மேலால எட்டிப் பாத்து, "என்ன குடுக்கிறாங்க? என்ன எண்டாலும் எனக்கும்" எண்டாள். நான் விதைச்ச அந்த ஒரு "உம்" கூட்டமெல்லாம் புல்லு மாதிரி முளைச்சிட்டு.

இத நான் யோசிக்கல்ல. என்ட வளவக் காப்பாத்தப் போய் எல்லாருக்கும் வளவு எடுத்துக் குடுத்திட்டன். மௌலவி கேட்ட கேள்வி அப்பதான் திரும்ப வந்து என்ட படியில குந்திச்சி. வாளி வாளியா எல்லார் ஊட்டு மீன் செதிளையும் கொட்டின மண்தானே. எப்படி இல்லை எண்டுற.

தும்புக் கயிறு கட்டிப் பிரிச்சாங்க. ஆளுக்கொரு துண்டு. எனக்கு வந்தது குழி மூடிக்குப் பக்கத்துத் துண்டு. மணக்கிது எண்டு மத்தவங்க எடுக்கல்ல. எனக்கென்ன, வெண்டி மூக்கப் பொத்தாது. பந்தல் பக்கத்து ஊட்டுக்காரிக்குப் போச்சி, நான் பாவக்காயப் பிடுங்கல்ல, அப்படியே விட்டிட்டன். முதல் கிழமை அந்தப் பக்கம் பாக்காம இரிக்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டன். இப்ப அவள் புழுவுக்கு என்ன செய்யிற எண்டு கேட்டு வாறாள், நான் புழுட பேர், ஊர் எல்லாம் சொல்லிக் குடுக்கிறன். தலைவர்ர பொஞ்சாதி தன்ட துண்டில பசளி போட்டா. தலைவர் காலத்தால சாரத்த மடிச்சிக் கட்டிக்கிட்டுத் தண்ணி ஊத்துறார், ஒவ்வொரு கண்டுக்கும் கையெழுத்து வைக்கிற மாதிரி நிண்டு நிண்டு. மோட்டசைக்கிள்காரப் பொடியனும் விடாம தன்ட துண்டக் கேட்டு எடுத்தார். எடுத்து அதுல மோட்டசைக்கிள நட்டார். இன்னும் காய்க்கல்ல.

கலியாணம் சரி வந்திச்சி. நாள் குறிக்க மாப்பிள்ளட உம்மா திரும்ப வந்தா. வந்ததும் வராததுமா பின்னால இறங்கிட்டா. கயிறுகளப் பாத்தா. நான் என்ட துண்டில நிண்டன், ஓடவும் எடமில்ல.

"என்ன ராத்தா, வளவு துண்டு துண்டாப் போச்சி."

எப்படிச் சொல்லுற எண்டு நான் வாயத் திறந்தன். அவ கைய நீட்டி மறிச்சிட்டா.

"அண்டைக்கு நீங்க சொன்ன அந்த 'உம்' எனக்கும் கேட்டிச்சி ராத்தா. ஒரு ஊட்டுட வளவுக்குள்ள இவ்வளவு கக்கூஸ் மூடி இரிக்குமா? எங்கட ஊர்லயும் கணக்குத் தெரியும்."

நான் உள்ளங்கையில முகத்தப் பொத்திக்கிட்டன். இந்த வயசில என்னை ஒருத்தி இப்படி மடக்குவாள் எண்டு நினைக்கல்ல.

"அப்ப ஏன் தங்கச்சி ஒண்டும் கதைக்கல்ல?"

"மதினி யன்னலால கை காட்டினதக் கண்டன். வளவு இல்லாம மகளுக்கு ஊடு குடுக்கிற பொம்புள வேற எதக் காட்டுவா. அதோட என்ட மகன் வந்து இரிக்கப் போற எடம் இது. பச்ச ஒண்டைக் காணாட்டி அவனுக்கு நித்திர வராது. கல்லுப் பதிக்கப் போறாங்க எண்டு படிக்கட்டில ஒட்டியிருந்ததையும் வாசிச்சிட்டுத்தான் ஏறின. அதான் கலியாணச் சோத்துக்குப் பூசினி கேட்டன், கேட்ட காயப் பறிக்கும் வரைக்கும் கல்லு வைக்க ஏலாதே."

அப்பதான் விளங்கிச்சி தலைவருக்கு ஏன் திடீரெண்டு மழையில ஆச வந்த எண்டு. நான் என்ட "உம்"மால மண்ணக் காப்பாத்தினன் எண்டு மாடியெல்லாம் நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சன். காப்பாத்தினது வரிப்பத்தான்சேனைக்காரி. இதக் கேட்ட மகள் இண்டைக்கு வரைக்கும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாள்.

"உங்கட சம்மந்திமார் எங்க இரிப்பாங்க?" எண்டு கேட்டன்.

"அந்த ஊட்டுலயே இரிக்கட்டும். என்ட மகன் ஒண்டும் பாரமா இரிக்கமாட்டான். அவன் இருமுறத்துக்கு முன்னால சொல்லிட்டுத்தான் இருமுவான்." எங்கட ஊட்டு இருமலையும் ஆரோ அவவுக்குச் சொல்லியிருக்கிறாங்க.

இப்ப ஒரே ஒரு பிரச்சினதான் மிச்சம். பூசினி. வேர் என்ட துண்டில. கொடி கயிற மதிக்கல்ல, அடித்தட்டு ஊட்டுக்காரிட கொச்சிக்காக்கு மேலால ஏறி, மோட்டசைக்கிள்ள ஒரு சுத்துச் சுத்தி, தலைவர்ர பசளிக்கு நடுவில போய்ப் படுத்து ஒரு காய் வெச்சிரிக்கி. கலியாணத்துக்குக் கேட்ட காய் கலியாணத்தண்டே கறியாப் போச்சி, இது அதுக்குப் பொறகு வந்தது, அத விடப் பெரிசு. நான் தலைவர்ட்டப் போய்க் கேட்டன், இது வேர்க்காரிக்கா, காய் கிடக்கிற எடத்தாக்களுக்கா, இல்ல நடுவில மோட்டசைக்கிளால தாண்டி வந்த வழிக்கு அந்தப் பொடியனுக்கும் பங்கு இரிக்கா எண்டு.

அவர் நெத்தியத் தடவிக்கிட்டு அடுத்த கூட்டத்தில பேசித் தீர்ப்பம் எண்டார். கூட்டம் வெள்ளிக்கிழம.

வியாழக்கிழம காலத்தால அவர்ர பொஞ்சாதி கத்தியோட என்ட சீலைக்கு வெளிய நிண்டு செருமினா. ரெண்டு பேரும் கீழ இறங்கிப் பூசினிய அறுத்தம். படிக்கட்டில வெச்சித் துண்டு போட்டு ஊடு ஊடா அனுப்பினம். மோட்டசைக்கிளுக்கும் ஒரு துண்டு, சீட்டில வெச்சிட்டு வந்தன்.